வளைந்த முதுகும் வம்பான கேள்விகளும்

ஈரோட்டிலிருந்து ஒரு தாய்: மகளுக்கு 6 வயது. ஸ்கோலியோசிஸ் (முதுகெலும்பு பக்கவாட்டில் வளைவது). முதுகில் கம்பி வைக்கணும் என்கிறார்கள். அது உடையுமா?

உடையலாம். வளர்ந்து முடிந்தவர்களுக்குக் கம்பி வைக்கும்போது முள்ளெலும்புகளையும் ஒன்றோடொன்று ஒட்டவைத்துவிடுவார்கள். எலும்பு கூடிவிட்டால் பாரத்தை அதுவே தாங்கிக்கொள்ளும். 6 வயதில் அப்படி ஒட்டினால் முதுகு வளராது, நெஞ்சுக்கூடு குறுகும், நுரையீரலுக்கு இடம் போதாது. அதனால் மேலேயும் கீழேயும் மட்டும் பிடித்துக் கட்டுகிறார்கள். நடுவில் கம்பி மட்டும் வருடக்கணக்கில் பாரம் தாங்குகிறது. எனவே டாக்டரிடம் கேட்க வேண்டியது, "உடைந்தால் எப்படித் தெரியும், அப்புறம் என்ன செய்வீர்கள்?" வலியே இல்லாமல் எக்ஸ்ரேயில் மட்டும் தெரியும் முறிவுகளும் உண்டு. செக்கப்பைத் தள்ளிப்போடாதீர்கள்.

கரூர் இயற்பியல் ஆசிரியர்: விமானத்துக்கே போதுமான டைட்டானியம் குழந்தை முதுகுக்குப் போதாதா?

பலம் போதும் சார். நீங்கள் வகுப்பில் நடத்தும் 'ஃபேட்டிக்'தான் வில்லன். கட்டுக்கம்பியை மடக்கி மடக்கி ஒடிப்போமே, அதே கதை மிக மெதுவாக நடக்கிறது. போதாக்குறைக்கு டைட்டானியத்துக்குக் கீறல் ஆகாது. ஆபரேஷன் மேஜையில் முதுகுக்கு ஏற்றபடி வளைக்கும்போது கருவி அழுத்திய தடத்திலிருந்தே விரிசல் கிளம்பலாம். விறைப்பான கோபால்ட்-குரோம் போட்டால்? கம்பி தாக்குப்பிடிக்கும், பாரம் ஸ்குரூ பிடித்திருக்கும் இளம் எலும்பின் தலையில் விழும்.

கோவை வாசகர்: மெஷினில் போட்டுச் சோதிக்க மாட்டார்களா?

சோதிக்கிறார்கள். இரண்டு பிளாஸ்டிக் கட்டைகளில் மாட்டி, வழக்கமாக 50 லட்சம் தடவை அழுத்துவார்கள். நொடிக்கு 5 என்றால் 12 நாளில் முடிந்துவிடும். கட்டை ஊஞ்சலாடாது, குப்புற விழாது, முக்கியமாக வளராது.

மதுரை, பெயர் வேண்டாம்: காந்தக் கம்பி வைத்தால் ஆபரேஷனே தேவையில்லையாமே?

முதல் ஆபரேஷன் கட்டாயம் உண்டு. தப்பிப்பது அடுத்தடுத்தவைதான். பழைய முறையில் சுமார் 6 மாதத்துக்கு ஒருமுறை மயக்க மருந்து கொடுத்து, முதுகைத் திறந்து கம்பியை நீட்டுவார்கள். 'மேஜெக்' கம்பிக்குள் ஒரு காந்தமும் திருகாணியும் இருக்கின்றன. வெளியே முதுகின் மேல் கருவியை வைத்தால் உள்ளே காந்தம் சுழலும், கம்பி சில மில்லிமீட்டர் நீளும். ஹாங்காங் டாக்டர்கள் 2012-இல் 'லான்செட்' இதழில் எழுதினார்கள். அமெரிக்கா 2014-இல் அனுமதித்தது. கத்தியில்லா வைத்தியம் என்று கொண்டாட்டம்.

பிறகு கழற்றிய கம்பிகளைச் சுற்றி, திசு கறுத்துக் கிடந்தது. நியூகாசில் பல்கலைக்கழகத்தார் அந்தக் கம்பிகளை அறுத்துப் பார்த்தார்கள்: உள்ளே தேய்ந்த டைட்டானியத் தூள், சிதைந்த சீல் வளையம், சிலவற்றில் முறிந்த பின். அசையும் பாகம் இருந்தால் தேயத்தானே செய்யும்! 2020-இல் பிரிட்டனில் சப்ளை நின்றது. 2021-இல் ஐரோப்பிய அனுமதியும் நிறுத்திவைக்கப்பட்டு, பின்னர் திரும்பக் கிடைத்தது. 2 ஆண்டுக்கு மேல் உடம்பில் விடக் கூடாது என்றது அமெரிக்க எஃப்.டி.ஏ. ஆனாலும் பிஞ்சு உடம்பைப் பத்துத் தடவை கிழிப்பதைவிட இது தேவலை என்பதுதான் என் கட்சி. கெடு தேதியை மறக்கக் கூடாது, அவ்வளவே.

நாகர்கோவில் மெக்கானிக்: ஒரு ஸ்பிரிங்கைப் போட்டுவிட்டால் தானே தள்ளிக்கொள்ளுமே?

நெதர்லாந்தின் உட்ரெக்ட் டாக்டர்கள் அதைத்தான் முறைப்படி ஆராய்கிறார்கள். முறை தவறிய கதை டப்ளினில் நடந்தது. 3 குழந்தைகளுக்கு வைத்த ஸ்பிரிங்குகள் மருத்துவ உபயோகத்துக்கான உலோகமே அல்ல, துருப்பிடிக்கக்கூடிய சாதா ஸ்பிரிங் எஃகு என்று 2025-இல் அயர்லாந்தின் விசாரணை அறிக்கை சொன்னது. உங்கள் யோசனை சரி, கடைதான் முக்கியம்.

தஞ்சாவூர் வாசகி: முதுகில் கம்பி வைக்கும் வழக்கம் யார் தொடங்கியது?

ஹூஸ்டன் டாக்டர் பால் ஹாரிங்டன், 1950-களில், போலியோ தாக்கிய பிள்ளைகளுக்காக. எலும்பை ஒட்டாமலே போட்டுப் பார்த்தார். கொக்கி கழன்றது, கம்பி முறிந்தது. பிறகு ஒட்டவும் ஆரம்பித்தார்.

சென்னை கல்லூரி மாணவி: எனக்கும் கம்பி இருக்கிறது. ஏர்போர்ட்டில் மணி அடிக்குமா?

டைட்டானியம் என்றால் பெரும்பாலும் அடிக்காது. எம்.ஆர்.ஐ. ஸ்கேன் அறையில்தான் கவனம். காந்தக் கம்பியாக இருந்தால் படுக்கும் முன்பே சொல்லிவிடுங்கள். கம்பியின் பெயரும் நம்பரும் ஒட்டிய ஸ்டிக்கர் டிஸ்சார்ஜ் ஃபைலில் இருக்கும். ஒரு போட்டோ எடுத்துப் போனில் வைத்துக்கொள்ளுங்கள்.