விழுந்தால் வீட்டுக்கு

கேள்வி: ஒரு காலத்தில் தமிழக அரசே லாட்டரி நடத்தியதாமே, உண்மையா? (வாசகர், திருவொற்றியூர்)

பதில்: முழு உண்மை. 1967-ல் கேரளம் ஒரு ரூபாய்ச் சீட்டுக்கு ஐம்பதாயிரம் பரிசு என்று கடையை விரித்தது. மறு ஆண்டே அண்ணா அரசும் பரிசுச்சீட்டு கொண்டுவந்தது. ‘விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு’ என்பது அதன் முழக்கம். பெரும்பாலும் நாட்டுக்குத்தான் விழுந்தது! சீட்டு விற்ற பணத்தில் பரிசு, முகவர் கமிஷன், அச்சுச் செலவு போக மிச்சம் கஜானாவுக்கு. கணக்கு அவ்வளவுதான்.

1975-ல் கலைஞர் நிறுத்தினார், எம்.ஜி.ஆர். ஆட்சியில் மீண்டும் வந்தது. பிறகு வெளிமாநிலச் சீட்டுகளும் குவிந்தன. சுரண்டல் லாட்டரியும் ஒரு நம்பர் லாட்டரியும்தான் குடும்பங்களைக் கெடுத்தன. முன்பு குலுக்கலுக்கு ஒரு வாரம் காத்திருந்தவர், இவற்றில் மாலைக்குள்ளேயே அன்றைய கூலியை இழந்தார். துறைமுகத்தில் மூட்டை சுமப்பவருக்கும் எண்ணூர் ஆலைத் தொழிலாளிக்கும் அந்தக் கூலிதான் ராத்திரி உலை.

மத்திய அரசின் 1998-ம் ஆண்டுச் சட்டம் ஒற்றை இலக்கப் பரிசைத் தடுத்தது. தன் எல்லைக்குள் லாட்டரியே வேண்டாம் என்று சொல்லும் மாநிலத்துக்கு வழியும் விட்டது. ஜெயலலிதா 2003 ஜனவரியில் எல்லா லாட்டரிக்கும் தடை போட்டார். சரியான முடிவு; ஆனால் சீட்டு விற்றுப் பிழைத்த ஏழைகளுக்கு மாற்றுத் தொழிலும் தந்திருக்க வேண்டும்.

கேரளத்தில் இன்றும் அரசு லாட்டரி நடக்கிறது. இங்கே மூணு நம்பர் லாட்டரி விற்றுக் கைதாகிறவர்கள் பற்றிய செய்தி வடசென்னையிலிருந்து இப்போதும் வருகிறது.