எல்லாக் காலத்துக்கும் பிடித்த படம்: காரைக்கால் எல்லைக்கு உட்பட்ட ஓர் ஆய்வு

ஆய்வுப் பொருள்: "ஒங்களுக்கு எப்பவுமே பிடிச்ச படம் எது, ஏன்?" என்று ஒருவர் கேட்க, மற்றவர் பதில் சொல்ல முற்படும்போது நேர்வன. ஆய்வுப் பரப்பு: வடக்கே நண்டலாறு, தெற்கே வாஞ்சூர், கிழக்கே கடல், மேற்கே கண்ணுக்கெட்டிய தூரம் தமிழ்நாடு, ஆகச் சுமார் 160 சதுர கிலோமீட்டர். ஆய்வுக் கருவி: டீ. நிதி உதவி: இல்லை. டீக்கும் ஆய்வாளரே காசு கொடுத்தார்.

முன்னாய்வுகளைச் சொல்லாமல் தொடங்கினால் பல்கலைக்கழகத்தார் கோபித்துக்கொள்வார்கள். லண்டனிலிருந்து வரும் 'சைட் அண்ட் சவுண்ட்' பத்திரிகை 1952 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை உலக விமர்சகர்களிடம் இதே கேள்வியைக் கேட்டுவருகிறது. முதல் தடவை 'பைசைக்கிள் தீவ்ஸ்' வென்றது. 1962இல் 'சிட்டிசன் கேன்' ஏறி உட்கார்ந்தது; 2002 வரை இறங்கவே இல்லை. 2012இல் 'வெர்டிகோ'. 2022இல் ஷான்டல் அக்கர்மானின் 'ஷான் தீல்மான்'. மூன்று மணி நேரத்துக்கும் மேலாக, பெரும்பகுதி ஓர் அம்மாள் உருளைக்கிழங்கு உரிப்பதும் பாத்திரம் கழுவுவதுமாக நகரும் படம். இதை எங்கள் வீட்டில் எடுத்துச் சொன்னபோது, "அவ வேலை செய்யறத ஒக்காந்து பாத்தாங்களாமா?" என்று அடுக்களையிலிருந்து ஒரு குரல் வந்தது. அந்தப் படத்துக்கு இதைவிடக் கூர்மையான விமர்சனம் என் கண்ணில் பட்டதில்லை.

லண்டன்காரர்களின் முறையியலில் ஒரு பெரிய ஓட்டை உண்டு. கேட்பவர் யார் என்பதை அவர்கள் கணக்கில் எடுப்பதில்லை. காரைக்காலில் பெண் பார்க்கப் போன இடத்தில் மாப்பிள்ளைக்குப் பிடித்த படம் 'அன்பே சிவம்'. அதே மாப்பிள்ளை மறுநாள் கடற்கரையில் கூட்டாளிகளோடு உட்காரும்போது 'பாட்ஷா'. ராத்திரி ஒரு மணிக்குத் தூக்கம் வராமல் டிவியைத் திருகும்போது 'கரகாட்டக்காரன்'. பிரெஞ்சுக் குடியுரிமையோடு பாரீஸிலிருந்து விடுமுறைக்கு வந்த என் மச்சான் முதலில் வாயில் நுழையாத ஒரு பெயரைச் சொன்னார். இரண்டாவது ஈடு இடியாப்பம் இறங்கியதும் அது 'சின்னத்தம்பி' ஆயிற்று. ஆகவே சபைக்குச் சொல்லும் படம் வேறு, சொந்தப் படம் வேறு என்று பிரித்துக்கொள்வோம். சபைப் படத்துக்குக் காரணம் கேட்டால் ஒளிப்பதிவு, திரைக்கதை என்று வரிசையாக வரும். சொந்தப் படத்துக்குக் காரணம் கேட்டால் எதிராளிக்குக் கோபம்தான் வரும்.

இனி பாத்தியதை விவகாரம். 1895 டிசம்பர் 28 அன்று பாரீஸின் கிராண்ட் கஃபேயில் லூமியேர் சகோதரர்கள் காசு வாங்கிக்கொண்டு படம் காட்டினார்கள். அன்றைய தேதியில் காரைக்கால் யாருடையது? பிரான்சினுடையது. 1739இல் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்த ஊர். நடுவில் ஆங்கிலேயர் பிடுங்குவதும் திருப்பிக் கொடுப்பதுமாக இருந்தாலும், லூமியேர் காலத்தில் வில்லங்கம் ஏதும் இல்லை. எனவே சினிமா எங்களுக்கு உள்நாட்டுச் சரக்கு; மாயவரத்தாருக்கும் நாகப்பட்டினத்தாருக்கும் வெளிநாட்டுச் சரக்கு. இந்த வாதத்தை நாகப்பட்டினத்து நண்பர் ஒருவரிடம் வைத்தேன். "சரி, அந்த உள்நாட்டுச் சரக்குல நீங்க எடுத்த படம் ஒண்ணு சொல்லுங்க" என்றார். ஆய்வு அத்தோடு அடுத்த தலைப்புக்குத் தாவியது.

அடுத்த தலைப்பு இதைவிடச் சிக்கலானது. 1954 நவம்பர் 1 அன்று நிர்வாகம் இந்தியாவிடம் வந்துவிட்டது. ஒப்படைப்பு ஒப்பந்தம் 1956 மே மாதம் கையெழுத்தானது. ஆனால் பிரெஞ்சு நாடாளுமன்றம் அதை ஏற்று, சட்டப்படி ஊர் கைமாறிய நாள் 1962 ஆகஸ்ட் 16. நடுவே ஏறத்தாழ எட்டு ஆண்டு. தமிழ் சினிமா சரித்திரம் தெரிந்தவர்கள் இந்த இடத்தில் நிமிர்ந்து உட்காரவேண்டும்: 'மிஸ்ஸியம்மா', 'மாயா பஜார்', 'நாடோடி மன்னன்', 'வீரபாண்டிய கட்டபொம்மன்', 'பாசமலர்' எல்லாம் இந்த இடைவெளியில் வந்தவை. 1961இல் 'பாசமலர்' பார்த்துவிட்டுக் காரைக்கால்காரர் யாராவது உள்ளூரில் அழுதிருந்தால், சட்டப்படி அந்தக் கண்ணீர் விழுந்தது பிரெஞ்சு மண்ணில். பாரீஸ் இதுவரை ஒரு கைக்குட்டைகூட அனுப்பவில்லை. அதைவிடச் சங்கடம் கட்டபொம்மன். 1959இல் அவர் வெள்ளைக்காரத் துரையைப் பார்த்துக் கர்ஜித்தபோது எங்கள் ஊரில் தட்டப்பட்ட கைகள், ஏட்டளவில் இன்னொரு வெள்ளைக்கார அரசின் நிலத்தில் உட்கார்ந்து தட்டிய கைகள். அந்தக் கைதட்டல் ஆங்கிலேயருக்கு எதிரானது மட்டுமா, பிரெஞ்சுக்காரருக்கும் சேர்த்தா? சர்வதேசச் சட்டம் படித்தவர்கள் தீர்க்கவேண்டிய வழக்கு. அந்தக் காலத்து ரசிகரான பெரியவர் ஒருவரிடம் விசாரித்தேன். "அதெல்லாம் தெரியாது தம்பி. சிவாஜி மீசை துடிச்சுது, தட்டுனோம்" என்றார்.

தர்க்கப்படி பார்த்தால் காரைக்கால்காரர் அனைவருக்கும் பிடித்த படம் ஒன்றே ஒன்றாக இருக்கவேண்டும். 1973இல் ஏ.பி.நாகராஜன் எடுத்த 'காரைக்கால் அம்மையார்'. ஊர் பெயரே தலைப்பு. இளம் புனிதவதியாக லட்சுமி, பரமதத்தனாக முத்துராமன், பேயுருக் கொண்ட அம்மையாராக கே.பி.சுந்தராம்பாள், இசை குன்னக்குடி வைத்தியநாதன். வேறு என்ன வேண்டும்? இருந்தும் நான் டீ வாங்கிக் கொடுத்தவர்களில் ஒருவரும் இதைச் சொல்லவில்லை. பக்திக் குறைவா என்றால் இல்லை. ஆனி மாதம் மாங்கனித் திருவிழாவன்று இவர்கள்தான் பாரதியார் சாலையில் நெரிசலில் நசுங்குகிறார்கள். பிச்சாண்டவர் வீதியுலா வரும்போது மாடிகளிலிருந்தும் கூரைகளிலிருந்தும் மாம்பழம் பறக்கிறது. பிள்ளை வரம் வேண்டுபவர்கள் முந்தானையை விரித்துப் பிடிக்கிறார்கள். வேண்டாதவர்கள் தலையில் வாங்கிக்கொள்கிறார்கள். நிஜ மாம்பழம் நெற்றிப்பொட்டில் வந்து மோதுகிற ஊரில், திரையில் தெரியும் மாம்பழத்துக்கு என்ன மதிப்பு இருக்கமுடியும்?

இதிலிருந்து ஆய்வாளர் ஒரு கருதுகோளுக்கு வருகிறார்: பிடித்த படம் என்பது சோதனைச் சாவடிக்கு அந்தப்பக்கத்துச் சரக்கு. எங்கள் ஊரின் வணிக ஒழுங்கே அப்படி. வாஞ்சூர் வழியாக வெளியே போகும் பைகளைத் தமிழ்நாட்டுக் காவலர்கள் திறந்து பார்ப்பார்கள், ஏன் என்று விளக்கத் தேவையில்லை. உள்ளே வரும் பைகளை யாரும் சீந்துவதில்லை. சினிமா முழுக்க முழுக்க உள்ளே வரும் பையில் வந்தது. (காரைக்கால் பண்பலை மட்டும் அதன் பாட்டுகளை எடுத்து டெல்டா வயல்களுக்கெல்லாம் திருப்பி அனுப்புகிறது, காற்றில் போவதால் அதற்குச் சோதனை கிடையாது.)

கருதுகோளுக்குச் சான்றாக என் சொந்தப் படத்தையே வைக்கிறேன். 'தில்லானா மோகனாம்பாள்', 1968. அதே ஏ.பி.நாகராஜன். கொத்தமங்கலம் சுப்பு 'கலைமணி' என்ற பெயரில் ஆனந்த விகடனில் எழுத, கோபுலு படம் போட, தமிழ்நாடு வாரா வாரம் காத்துக் கிடந்த தொடர்கதை. நாயகன் நாயனக்காரர் சிக்கல் சண்முகசுந்தரம், அதாவது சிவாஜி. சிக்கல் எங்களுக்கு ஏறத்தாழ 25 கிலோமீட்டர்: திருமலைராயன்பட்டினம், வாஞ்சூர், நாகூர், நாகப்பட்டினம், அப்புறம் சிக்கல். சிங்காரவேலர் கோயில் கோபுரம் தெரிந்ததும் பஸ்ஸில் இருப்பவர்கள் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். நானும் போட்டுக்கொள்வேன், கொஞ்சம் முருகனுக்கு, கொஞ்சம் சிவாஜிக்கு.

இந்தப் படம் எனக்கு ஏன் முக்கியம் என்று கேட்டால் சங்கீதம் என்று சொல்வது சபைக்கு அழகு. உண்மைக் காரணம் ரயில். பேரளத்திலிருந்து காரைக்காலுக்கு வந்துகொண்டிருந்த பழைய ரயில்பாதையை 1980களில் மூடிவிட்டார்கள். அதன்பின் 2011இல் நாகூர் பக்கமிருந்து ரயில் வந்து சேரும் வரை, துறைமுகமே வந்துவிட்ட ஊரில் ரயில் இல்லை. நான் வளர்ந்தது அந்த இடைவெளியில். எங்களுக்கு ரயில் என்றால் தில்லானா மோகனாம்பாளின் ரயில்தான். கல்யாண வீடுகளில் டெக்கு வாடகைக்கு எடுத்து விடியவிடியப் படம் போடுவார்கள். முதலில் ரஜினி, அடுத்து சிவாஜி. பந்திப் பாயைச் சுருட்டித் தலைக்கு வைத்துக்கொண்டு பார்ப்போம். ஒரே பெட்டியில் நாட்டியக்காரி மோகனாவாகப் பத்மினியும், சண்முகசுந்தரமாக சிவாஜியும். பேச முடியாது, கண்தான் பேசவேண்டும். காவலுக்கு அம்மா வடிவாம்பாள், சி.கே.சரஸ்வதி. இந்தப்பக்கம் தவில்காரராக டி.எஸ்.பாலையா. பெரியவர்கள் பத்மினியின் கண்ணைப் பார்த்தார்கள். நாங்கள் ஜன்னல் கம்பியைப் பார்த்தோம், பலகை இருக்கையைப் பார்த்தோம், பெட்டி ஆடும்போது ஆட்கள் எந்தப்பக்கம் சாய்கிறார்கள் என்று பார்த்தோம். பின்னாளில் ஒருவழியாக நிஜ ரயிலில் ஏறியபோது எதிர் இருக்கையில் பாலையா இல்லாததுதான் முதல் ஏமாற்றம்.

ரயிலுக்கு அடுத்தபடி நாயனம். டெல்டாவில் நாயனக் காட்சியைப் பார்ப்பவர்கள் முகத்தைப் பார்க்கமாட்டார்கள். வாத்தியத்திலிருந்து நூலில் தொங்கும் உபரிச் சீவாளிகளும் குச்சியும் அசைகிறதா, கன்னம் எங்கே உப்புகிறது, மூச்சு எந்த இடத்தில் எடுக்கிறான் என்று பார்ப்பார்கள். சீவாளி திருவாவடுதுறை, நாயனம் நரசிங்கம்பேட்டை என்று அதது அந்தந்த ஊரில் செய்தால்தான் இவர்களுக்குத் திருப்தி. இந்தப் பரிசோதனையில் சிவாஜி தேறிவிட்டார் என்பது ஊரறிந்த தீர்ப்பு. ஊசாமல் இருக்கும் ஒரே மனக்குறை, உண்மையில் வாசித்தவர்கள் மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள் என்பது. சிக்கல்காரன் வாயில் மதுரை நாதம்! கும்பகோணம் வட்டாரத்து உறவினர் ஒருவர் இதை இன்னும் மன்னிக்கவில்லை. எனக்கு அதுவும் கருதுகோளுக்கு வலுச்சேர்க்கும் சான்றுதான்: எங்களுக்கு சிக்கல் வெளியூர், சிக்கலுக்கு மதுரை வெளியூர்.

மாற்றுக் கருத்து உடையவர்களை எப்படி நடத்துவது? வட்டாரத்தில் முன்னுதாரணம் ஒன்று இருக்கிறது, அது அச்சமூட்டுவது. திருமலைராயன் அவையில் தன் புலமையை மதிக்கவில்லை என்று காளமேகம் மண்மாரி பொழியப் பாடியதாகக் கதை. திருமலைராயன்பட்டினத்துக்காரர்கள் அதனாலோ என்னவோ, "ஒங்க படம் அப்படி ஒண்ணும் பெரிசில்ல" என்று எதிரே சொல்லமாட்டார்கள். "நல்லாத்தான் இருக்கும்" என்பார்கள். அந்தத் 'தான்' போதும், அன்றிரவு தூக்கம் போய்விடும். எங்கள் தெருமுனை டீக்கடை நானா இன்னும் நாசூக்கு. நான் தில்லானா மோகனாம்பாள் என்று ஆரம்பித்தால், "பாட்டெல்லாம் கே.வி.மகாதேவன்ல?" என்று கேட்டுவிட்டு ரேடியோவில் எம்.ஜி.ஆர் பாட்டின் சத்தத்தைக் கூட்டிவிடுவார்.

கருதுகோள் இந்த அளவில் உறுதியாக நின்றுகொண்டிருந்தபோதுதான் வாஞ்சூரில் அதற்கு ஒரு சோதனை வந்தது. நாகப்பட்டினத்தில் சித்தி வீட்டு டிவியில் போட்டுக் காட்ட, படத்தைப் பென்டிரைவில் ஏற்றிக்கொண்டு பஸ்ஸில் போனேன். சாவடியில் காவலர் ஒருவர் ஏறினார். என் பையைத் துழாவி, பாட்டில் ஏதும் அகப்படாத ஏமாற்றத்தில் பென்டிரைவைத் தூக்கிப் பார்த்தார்.

"இதுல என்ன தம்பி?"

"படம் சார். தில்லானா மோகனாம்பாள்."

அவர் முகம் மலர்ந்தது. "பாலையா படம்!"

"சிவாஜி படம் சார்" என்றேன்.

"சிவாஜி நடிச்ச பாலையா படம்" என்று திருத்தினார்.

முன் இருக்கையில் மீன் கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மாள் திரும்பினார். "அது ஜில் ஜில் ரமாமணி படம்ய்யா. மனோரமா இல்லாட்டி நாடகக் கொட்டாயப் பத்தி ஒங்களுக்கு என்ன தெரியும்?"

காவலர் இருக்கைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு பாலையா தரப்பு வாதத்தை விரிவாக எடுத்துவைக்க ஆரம்பித்தார். பின்னால் நின்ற லாரி ஹாரன் அடித்தது. கடைசி சீட்டிலிருந்து யாரோ நம்பியார் பெயரைச் சொல்ல, கண்டக்டருக்குப் பொறுக்கவில்லை.

"சவடால் வைத்தி இல்லேன்னா கதையே கெடையாது சார், அது நாகேஷ் படம். எறங்குங்க, நேரமாச்சு" என்று விசிலை ஊதினார்.