படத்துக்குப் படம் மாறும் காதலி

பழைய காதலை ஞாபகப்படுத்தும் படம் ஒன்று மதுரைக்கு வந்துவிட்டால், வந்த வாரம் முடிவதற்குள் என் பள்ளித் தோழர் ஒருவர் நம் வீட்டுத் திண்ணைக்கு வந்துவிடுவார். வந்தவர் படத்தைப் பற்றிப் பேசப் போகிறார் என்று எவரேனும் எதிர்பார்த்தால் அது பேதைமை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "நம்ம கதையத்தான்யா எடுத்துருக்கான்" என்று ஒரு பெருமூச்சு விட்டாரானால், காபி இரண்டு தரம் ஆறும்வரை அந்த விருத்தாந்தத்திலிருந்து யாருக்கும் விமோசனம் கிடையாது.

கதை ஒன்றே என்றாலும் கதாநாயகி ஒருத்தியல்லள். 2002-இல் தங்கர் பச்சானின் ‘அழகி’ வந்தபோது, அவள் சோழவந்தான் கொடிக்கால்காரர் ஒருவரின் மகள். வறுமையால் படிப்பை விட்டவள். 2004-இல் ‘ஆட்டோகிராஃப்’ வந்தது. சேரன் கல்யாணப் பத்திரிகையைக் கையில் எடுத்துக்கொண்டு, முன்பு நேசித்த பெண்களின் ஊர்களுக்கெல்லாம் போய் வந்ததைக் கண்டதும், ஒருத்தியோடு நிறுத்திக்கொண்டது தமக்கு அகௌரவம் என்று இவருக்குத் தோன்றிற்றோ என்னவோ, மேலூரில் ஒருத்தியும் திருமங்கலத்தில் ஒருத்தியும் உதயமானார்கள்.

2018-இல் வந்த ‘96’தான் இவரைப் பூரணமாக ஆட்கொண்டது. பள்ளியில் ராம் எத்தனை முறை மன்றாடியும் ‘தளபதி’ப் பாட்டு ஒன்றை மட்டும் பாடாமலே வைத்திருந்த ஜானு, வருஷங்கள் கழித்து, கரண்ட் போன இருட்டில் அதைப் பாடுகிறாள் அல்லவா? மறுநாள் முதல் இவருடைய சோழவந்தான் பெண்ணுக்குச் சங்கீதம் வந்துவிட்டது. பள்ளி ஆண்டுவிழாவில் அவள் பாடினாளாம். இவர் கேட்ட ஒரு பாட்டை மட்டும் பாட மறுத்தாளாம். அது எந்தப் பாட்டு என்று கேட்டேன்; இளையராஜாவின் பாட்டு ஒன்றைச் சொன்னார். நாங்கள் இருவரும் பள்ளியை விட்டது 1973-இல் என்பதையும், இளையராஜா ‘அன்னக்கிளி’யோடு வந்தது 1976-இல் என்பதையும் மரியாதையாகவே எடுத்துச் சொன்னேன். சற்றும் அசரவில்லை. "பண்ணைப்புரம் அப்ப நம்ம மதுரை ஜில்லாதானப்பா? நமக்கு முன்னாடியே காதுல விழுந்திருக்கும்" என்றார். அதைவிடப் பெரிய ஆட்சேபம் ஒன்றும் என்னிடம் இருந்தது: அந்தப் பள்ளியில் பெண் என்று இருந்தது, தலைமையாசிரியர் அறையில் மாட்டியிருந்த சரஸ்வதி படம் ஒன்றுதான். அவளுக்காகத் தங்கம் தியேட்டர் வாசலில் வெயிலில் காத்து நின்றதாகவும் சொல்கிறார். 1952-இல் ‘பராசக்தி’யோடு திறந்த அந்த மகா அரங்கம் இருந்த இடத்தில் இன்று ஜவுளிக்கடை; ஆகையால் சாட்சி விசாரணைக்கு வழியில்லை.

இந்தப் பொய்யைக் கேட்டு எனக்குக் கோபம் வருவதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ‘96’ படத்திலேயே ஓர் இடம் உண்டு; ராமின் மாணவிகள் ஜானுவை அவன் மனைவி என்று எண்ணிக்கொண்டு, நீங்கள் எப்படிச் சேர்ந்தீர்கள் என்று கேட்க, அவள் நடக்காததையெல்லாம் நடந்ததாக, கண் கலங்காமல், ஒரு கதையாகக் கட்டிச் சொல்வாள். அந்த மாதிரிப் படங்கள் ஜனங்களை வசீகரிப்பதன் ரகசியம் அதில்தான் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம். இழந்தவர்கள் மட்டும் பார்ப்பதென்றால் தியேட்டரில் பாதி நாற்காலி காலியாகக் கிடக்கும். இழப்பதற்குக்கூட ஒன்றும் வாய்க்காமல், கணக்குப் பரீட்சையும் குமாஸ்தா உத்தியோகமுமாக யௌவனத்தைக் கழித்த இவரைப் போன்ற கிரகஸ்தர்களுக்கு, இரண்டரை மணி நேரத்துக்கு ஒரு பழங்காதலை அவை இரவல் தருகின்றன. இவர் இரவல் வாங்கியதைத் திருப்பிக் கொடுப்பதில்லை, அவ்வளவுதான்.

ஆனால் இத்தனையையும் தம் மனைவியை வைத்துக்கொண்டு சொல்கிறாரே, அதுதான் எனக்குச் சகிக்கவில்லை. ‘அழகி’யில் மனைவி படும் பாட்டையாவது காட்டினார்கள், ‘96’-இல் ஜானுவின் கணவன் சிங்கப்பூரில் எங்கோ இருக்கிறான், அவன் முகத்தைக்கூட நாம் பார்ப்பதில்லை. இவர் வீட்டு அம்மாளோ எதிரிலேயே உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருப்பவர். இவருடைய மாத்திரைகளின் வேளை தெரிந்தவர், இவர் தாயாரைப் படுக்கையில் வைத்துப் பார்த்தவர். அவரைப் பற்றி ஒரு பெருமூச்சும் இந்த மனிதர் விட்டு நான் கேட்டதில்லை. ஒரு நாள் அந்த அம்மாள் கீரையிலிருந்து தலை நிமிராமல், "போன படத்துக்கு அவ செவத்த புள்ளைன்னு சொன்னீக, இப்ப மாநிறம்ங்கிறீக. ஏதாச்சும் ஒண்ண முடிவு பண்ணுங்க" என்றார். நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

2024-இல் அதே இயக்குநர் பிரேம்குமாரின் ‘மெய்யழகன்’ வந்தது. இதில் பழைய காதலி கிடையாதே, தப்பித்தோம் என்று நினைத்தேன். அதில், ஊரை விட்டுப் போனவர்கள் விட்டுச்சென்ற ஒரு சைக்கிள், இன்னொரு குடும்பத்தைக் கைதூக்கி விடுகிறது. மறுவாரம் திண்ணையில் துண்டை உதறினார். "நானும் என் சைக்கிள ஒரு ஏழைப் பையனுக்குச் சும்மாதான்யா குடுத்தேன். இப்ப எங்க இருக்கானோ, எப்படி இருக்கானோ" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்தச் சைக்கிளை வாங்கியவன் நான். ரொக்கமாக எண்ணி வாங்கிக்கொண்டுதான் சாவியைக் கொடுத்தார். பின் பிரேக்கில் கட்டையும் இல்லை.