பன்றித்தொடைக் குதிகாலில் ஒரு பாதுகாப்பு அறை

ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் நடுவில், கடலுக்குள் ஓட்டை மட்டும் வெளியே காட்டிக்கொண்டு படுத்திருக்கும் ஆமை மாதிரி ஒரு கோட்டை. ஊர் வாயில் அது கடற்கோட்டை. ஒல்லாந்தர் வைத்த பெயர் ஹம்மன்ஹீல்; பன்றித்தொடையின் குதிகால் என்று பொருள். இலங்கைப் படத்தைப் பார்த்து ஒருவனுக்கு முத்து தெரிந்தது, இன்னொருவனுக்கு மாங்காய் தெரிந்தது. மாதக்கணக்கில் கப்பலில் உப்பிட்ட இறைச்சி தின்று வந்தவனுக்குப் பன்றித்தொடை தெரிந்ததில் என்ன பிழை? சைவ ஆசாரம் பார்க்கும் யாழ்ப்பாணத்தின் கடல்வாசலில் முந்நூற்றைம்பது வருடமாகப் பன்றிக்கால் கிடக்கிறது, ஒருவரும் தீட்டுக் கழிக்கவில்லை.

பெயர் வைக்கும் வியாதி அதோடு நிற்கவில்லை. காரைதீவு அம்ஸ்டர்டாம் ஆனது, வேலணை லெய்டன், புங்குடுதீவு மிடில்பேர்க், நயினாதீவு ஹார்லெம். நெடுந்தீவுக்கு ஒட்டிய டெல்ஃப்ற் மட்டும் இன்னும் உரியவில்லை. ஹார்லெம் நாகபூஷணி அம்மனுக்கு நேர்த்தி வைக்கும் நிலை வராமல் தப்பினோம்.

போன ஆடியில் என் மருமகன் முறைப் பெடியன் ஒருவன் வெளிநாட்டிலிருந்து வந்திருந்தான். ஆஸ்பத்திரியில் கதிர்வீச்சுப் பிரிவில் வேலை. கோட்டையைக் கண்டதும் அவனுக்கு அழகு தெரியவில்லை, சரித்திரம் தெரியவில்லை. "மாமா, உது நல்ல சோர்ஸ் ரூம் எல்லோ!" என்றான். கதிரியக்கப் பொருட்களைப் பூட்டி வைக்கும் அறையாம். பெண் பார்க்கப் போன வீட்டில் தாழ்வாரத்தை அளப்பவன் மாதிரி, வள்ளத்தில் இருந்தபடியே கணக்குப் போடத் தொடங்கிவிட்டான்.

முதலில் தூரம். கதிர்வீசும் பொருளிலிருந்து இரண்டு மடங்கு தள்ளிப் போனால் கதிர் நாலில் ஒன்றாகும், மூன்று மடங்கு போனால் ஒன்பதில் ஒன்று. சுற்றிலும் கடல், அக்கம்பக்கத்தில் வீடில்லை: சரி. அடுத்து மறைப்பு. கோபால்ற்-60 விடும் காமா கதிரைப் பாதியாக்க ஈயமென்றால் ஒன்றேகால் சென்ரிமீற்றர் அளவில் போதும், கொங்கிறீற் என்றால் ஆறு சென்ரிமீற்றராவது வேண்டும். இங்கே கிடப்பது முருகைக்கல், கொங்கிறீற்றை விடப் பாரம் குறைவு. ஆனால் கோட்டையைக் கட்டின போர்த்துக்கேயன் தடிப்பில் கஞ்சத்தனம் காட்டவில்லை: சரி. ஒரே வாசல்: சரி. நனையக்கூடாது, நெருப்புப் பிடிக்கும் சாமான் கிட்ட இருக்கக்கூடாது, தலைக்கு மேலே ஒருவரும் புழங்கக்கூடாது என்று அடுத்த மூன்றைச் சொன்னபோதுதான் நான் சிரித்தேன். போர்த்துக்கேயன் மூன்றிலும் கோட்டைவிட்டவன். கோட்டையைக் கட்டிக்கொண்டே கோட்டைவிட்டவன்.

அவன் செய்தது இதுதான். கொத்தளத்தின் வயிற்றைக் கோதாக விட்டு, மரவளைகளைப் போட்டு, அதன்மேல் கல்லும் சுண்ணாம்பும் பரப்பினான். கீழே சாமான் அறை, மேலே பீரங்கி. மாரி மழையும் உப்புக்காற்றும் இருக்கிற ஊரில் மரவளை எத்தனை காலம் நிற்கும்? மச்சுக்கு மேலே பீரங்கி வெடிக்கும் வீட்டில் குடியிருக்க எங்கள் ஊர் எலிகூடச் சம்மதிக்காது.

1658இல் ரைக்லோஃப் வான் கோன்ஸ் ஒல்லாந்துப் படையோடு வந்து சூழ்ந்தார். வளை விழும்வரை காத்திருக்கத் தேவையே வரவில்லை. உள்ளே குடிக்கத் தண்ணீர் முடிந்தது, போர்த்துக்கேயர் கதவைத் திறந்தார்கள். தண்ணியில்லாத் தீவுக்குப் பொம்பிளை குடுக்கமாட்டோம் என்று யாழ்ப்பாணத்துப் பெரியவர்கள் தீவகத்தாரான எங்களை நக்கலடிப்பார்கள். அந்தப் புத்தி லிஸ்பனில் ஒருவருக்கும் இருக்கவில்லை.

ஒல்லாந்தர் வந்த கையோடு பூதத்தம்பி கதையும் இந்தக் கோட்டைக்குள் நுழைகிறது. அவர் ஒல்லாந்தரிடம் முதலியார். அவர் மனைவி அழகவல்லி மேல் அந்திராசி என்ற இன்னொருவனுக்குக் கண். அவள் முகத்திலடித்த மாதிரி மறுமொழி அனுப்பினாள். கறுவிக்கொண்ட அந்திராசி, கடற்கோட்டை வேலைக்கு மரம் வேண்டும், ஒரு கையெழுத்துப் போடுங்கோ என்று வெற்றுத்தாளை நீட்டினான். அப்பாவி மனுசன் போட்டுக் கொடுத்தார். கையெழுத்துக்கு மேலே போர்த்துக்கேயருக்கு எழுதிய துரோகக் கடிதம் ஏறியது, தலை இறங்கியது. அந்த வருடம் ஒரு சதி பிடிபட்டதும், அதை மனுவல் அந்திராடோ (கதையில் வரும் அந்திராசி) காட்டிக்கொடுத்ததும், ஒல்லாந்தர் ஆட்களைக் கொன்றதும் பல்தேயஸ் பாதிரியார் எழுதிவைத்த சங்கதி. அழகவல்லி கூத்துக்காரரின் சொத்து.

பெடியன் கதையைக் கேட்டுவிட்டு, "எங்களிட்டையும் பதிவேடு இருக்கு மாமா" என்றான். எந்தப் பொருள், எவ்வளவு வலு, எப்போது வந்தது, யார் எடுத்தது என்று ஒவ்வொன்றுக்கும் ஒப்பம். வெற்றுத்தாளில் ஒப்பமிடாதே என்று அதில் எழுதியிருக்காது. தீவகத்தானுக்கு எழுதத் தேவையுமில்லை.

1680 அளவில்தான் ஒல்லாந்தர் நிமிர்ந்து பார்த்தார்கள். வடக்குப் பக்கத்து மணலைக் கடல் அரித்துப் போயிருந்தது. உள்ளே மரவளை உக்குகிறது. மரத்தைக் கழற்றி எறிந்துவிட்டுக் கல்லில் வளைவுக் கூரை கட்டினார்கள், மழைத்தண்ணிக்குத் தொட்டி வைத்தார்கள். 1697இல் ஸ்வார்டெக்ரூன் என்ற யாழ்ப்பாணக் கொம்மாந்தோர், தான் ஊரில் இல்லாத காலத்துக்காகத் தன் ஆலோசனைச் சபைக்கு எழுதிய குறிப்பில் இந்தப் போர்த்துக்கேயப் புத்தியைப் பற்றி ஒரு மேசன் பாஸின் குரலில் குறை சொல்லியிருக்கிறார். கூத்துக்கதையை நம்பினால், ஒரு முதலியாரின் தலையை விலையாகக் கொடுத்துக் கேட்ட மரம் இருபத்திரண்டு வருடம்கூட நிற்கவில்லை.

1795இல் வெள்ளைக்காரன் பிடித்தான். பன்றித்தொடையைச் சுற்றிச் சண்டைபிடிக்க இனி ஆளில்லை என்றானதும், பயமான சாமான் எதுவென்று தேடி மனிதரையே வைக்கத் தொடங்கினார்கள். சிறைச்சாலை ஆக்கினார்கள், பிறகு தொற்றுநோய்க்காரருக்கான ஆஸ்பத்திரி. தூரம், மறைப்பு, ஒரே வாசல். நோயாளிக்கும் கைதிக்கும் அதே மூன்று விதி.

உண்மையான கதிரியக்கப் பொருளை வெள்ளைக்காரன் எப்படி வைத்தான் என்று கேட்கிறீர்களா? அதிலும் எங்கள் கை உண்டு. யாழ்ப்பாண வேருள்ள சேர் முத்துக்குமாரசுவாமியின் மகன் ஆனந்த குமாரசுவாமி, நடராசர் பக்கம் திரும்புவதற்கு முதல் இலங்கைக் கனிம ஆய்வுக்குத் தலைமை தாங்கியவர். பலாங்கொடைப் பக்கத்தில் அவர் கண்டெடுத்த கறுப்புக் கல்லுக்கு 1904இல் தோரியனைற் என்று பெயரானது. தோரியமும் யுரேனியமும் அடங்கிய கல். தோரியம் பாதியாகக் குறைய 1,400 கோடி வருடம் வேண்டும். அது லண்டனுக்குக் கப்பலேறியது. அந்தக் கல்லிலிருந்து பிரித்த உப்பில் நூறு கிராம் அளவை இரசாயன அறிஞர் ராம்சே ஒரு கிண்ணத்தில் போட்டு, ஜெர்மனியிலிருந்து வந்திருந்த இளைஞர் ஓட்டோ ஹானிடம் கொடுத்தார். ஈயப்பெட்டி இல்லை, கொத்தளம் இல்லை. வீட்டுக்கு வந்தவனுக்கு மிக்சர் கொடுக்கிற மாதிரி ஒரு கிண்ணம். அதிலிருந்து ஹான் 1905இல் ரேடியோதோரியத்தைக் கண்டுபிடித்தார்.

பூட்டாமல் விட்டால் என்ன ஆகும் என்பதை உலகம் 1987இல் பார்த்தது. பிரேசிலின் கொயானியாவில் கைவிடப்பட்ட சிகிச்சை நிலையமொன்றில் சீசியம் இயந்திரம் தேடுவாரற்றுக் கிடந்தது. இரும்பு பொறுக்குகிறவர்கள் கழற்றிக்கொண்டு போனார்கள். இருட்டில் நீலமாக மினுங்கியதைச் சொந்தக்காரருக்குப் பங்கு கொடுத்தார்கள். நாலு பேர் செத்தார்கள். பெடியன் இதைச் சொன்னபோது மட்டும் வள்ளத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை.

சுதந்திரத்துக்குப் பிறகு நம்மவர்களும் கோட்டையை அதே வேலைக்குத்தான் எடுத்தார்கள். 1971 கிளர்ச்சியில் அதன் தலைவர் ரோகண விஜேவீரவையும் தோழர்களையும் அடைத்து வைத்தார்கள். கொழும்பு அரசாங்கத்துக்கு அன்றைக்கு அவர்களை விடக் கதிர்வீசும் சாமான் வேறில்லை. மார்க்ஸ் படித்தவர்களைப் பன்றித்தொடைக்குள் வைத்து, தூரத்துக்குக் கடல், மறைப்புக்கு முருகைக்கல். கதிரியக்கத்துக்காவது அரைவாழ்வு என்றொரு கணக்கிருக்கிறது. ஆறு வருடம் கழித்து 1977இல் ஆட்சி மாற, அவர்களும் வெளியே வந்தார்கள்.

இப்போது கடற்படை அதை ஹோட்டலாக நடத்துகிறது. கைதி படுத்த இடத்தில் காசு கொடுத்துப் படுக்கலாம். நாங்களும் இறங்கினோம். பெடியன் கைபேசியில் தன் ஆஸ்பத்திரி விதிகளைத் திறந்து கடைசி வரியை வாசித்தான்: இந்த அறையில் உண்ணவோ குடிக்கவோ கூடாது.

"உந்த விதியைப் போர்த்துக்கேயன் 1658இலேயே அச்சொட்டாக் கைப்பிடிச்சவன்" என்றேன்.

பெடியன் கைபேசியை மடியில் வைத்துவிட்டு நண்டுக்கறிக்குச் சொன்னான். கூடவே ரெண்டு போத்தில் தண்ணியும்.