குற்றவாளி: டிரைவர்

கியர் பாக்ஸ் உதறினால் கம்பெனி முதலில் கண்டுபிடிக்கும் கோளாறு, டிரைவர். அவனுக்கு ஓட்டத் தெரியவில்லை. சோதனை முடிந்தது. அடுத்த வண்டியைக் கொண்டுவா!

ஆஸ்திரேலியாவில் ஃபோர்டு இதைத்தான் செய்தது. பவர்ஷிஃப்ட் ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸ் கார்கள் குலுங்கின. புகார் சொன்னவர்களிடம், ‘நீங்கள் ஓட்டும் லட்சணம் அப்படி’ என்றார்கள். கோளாறு கம்பெனிக்குத் தெரியும். 2018-ல் நீதிமன்றம் 1 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. அந்தக் கார்களில் ஒன்றான ஈகோஸ்போர்ட் நம் மறைமலை நகரில் தயாரானது. அபராதம் அங்கே. 2021-ல் ஆலைக்குப் பூட்டு அறிவிப்பு இங்கே.

ஃபோர்டின் எஃப்-150 டிரக் கதை இன்னும் அழகு. கியர் பாக்ஸின் சுழற்சி வேகத்தைச் சொல்லும் சென்சாரின் சிக்னல் அறுந்தால், நெடுஞ்சாலையில் பறக்கும் வண்டியைக் கம்ப்யூட்டர் முதல் கியருக்கு இறக்கிவிடும். பின்சக்கரம் பூட்டிக்கொள்ளலாம். 2016-ல் சில வண்டிகளைத் திரும்ப அழைத்தார்கள். 2019-ல் இன்னும் சுமார் பதினைந்து லட்சம். 2014 மாடலுக்கு ஞானோதயம் 2024-ல்தான். ஐந்தரை லட்சம் வண்டிகள். ஒரே கோளாறு, மூன்று தவணை. நகைச்சீட்டுக்காரன்கூட இவ்வளவு இழுக்கமாட்டான்.

நம் ஊருக்கு வருவோம். வண்டிகளைத் திரும்ப அழைக்கும் விதி 2021 ஏப்ரலில் அமலானது. ஏழு வயதுக்குட்பட்ட வண்டிக்குத்தான் அது. அமெரிக்காவில் பத்தாம் வருடம் ஒப்புக்கொண்ட கோளாறு, இங்கே மூன்று வருடம் முன்பே காலாவதி. விதியின் அபராத உச்சவரம்பு 1 கோடி ரூபாய். லட்சம் வண்டியில் கோளாறு என்றாலும் வண்டிக்கு நூறு ரூபாயைத் தாண்டாது. டிரைவர், கிளீனர் டீ, வடைச் செலவு!

புகாருக்கும் கோட்டா உண்டு. குறிப்பிட்ட சதவீத ஓனர்கள் சேர்ந்து புலம்பினால் அரசுக்குக் காது கேட்கும். செய்யாற்றங்கரைக் காவாந்தண்டலத்தில் கடன் வாங்கி லாரி எடுத்தவன், தன்னைப்போல் ஏமாந்தவனைக் காஷ்மீர் வரை தேட வேண்டும். வண்டி நிற்கும். ஃபைனான்ஸ் தவணை நிற்குமா?

பக்கத்திலேயே உத்திரமேரூர். பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு; 919, 921. பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவன் பெயரைக் குடவோலையில் எழுதக் கூடாது. அவன் சொந்தபந்தத்தின் பெயரும் கூடாது. ஆயிரம் வருடம் முன்பு ஒரு ஊர்ச்சபைக்கு இருந்த முதுகெலும்பு அது.

2025 அக்டோபரில் ஃபோர்டு மறைமலை நகருக்குத் திரும்ப ஒப்பந்தம் போட்டது. 3,250 கோடி ரூபாய் முதலீடு, எஞ்சின் உற்பத்தி. வரட்டும். நம் பிள்ளைகளுக்கு வேலை வேண்டும். பழைய கணக்கை யாராவது கேட்டோமா? கேட்கமாட்டோம். முதலீட்டாளர் மனம் நோகும்.

சாலையில் மறித்து நாம் கேட்பதெல்லாம் டிரைவரின் லைசென்ஸைத்தான்.