விலைக்கு வாங்கின ‘டொம்’

ஏலே பேராண்டி, அந்த ஹெட்போனைக் கழட்டிட்டு இப்படி வந்து உக்காரு. உங்கம்மைக்குப் பெருமை தாங்கல. “ராத்திரி பூரா மியூசிக் பண்ணுதான் மாமா”ன்னு எங்கிட்ட வந்து சொல்லுதா. நானும் கதவோரமா நின்னு பார்த்தேன். ஒரு ‘டொம்’மைத் தட்டிக் கேக்குத, மூஞ்சியைச் சுளிக்குத, அடுத்த ‘டொம்’முக்குப் போற. அதுவும் பிடிக்கல, அதுக்கும் அடுத்தது. கோழி கூவுற நேரத்துல எட்டிப் பார்த்தா பாட்டு ஒரு அடி நகரல. டொம் மட்டும் ஹார்ட் டிஸ்க் கொள்ளாமக் குமிஞ்சு கிடக்கு. சும்மா சொல்லப்படாது, நல்ல உழைப்பு.

எனக்கென்ன தெரியும்? கல்யாண வீட்டுக்கும் கோயில் கொடைக்கும் மைக் செட் கட்டிப் பொழைச்சவன். வேப்ப மரத்துல ஏறிக் குழாய் ஸ்பீக்கரைக் கட்டினதும், அது ‘ஊய்’ன்னு ஊளையிட்டா ஓடிப்போய் ஆம்ப்ளிஃபயர் திருகைக் குறைச்சதும்தான் நம்ம படிப்பு. நீ மாசச் சந்தா கட்டி, அடுத்தவன் பதிஞ்ச சத்தத்தை சாம்பிள் பேக்குன்னு மூட்டையா இறக்குற பெரிய ஆளு. இருந்தாலும் ஒண்ணு கேக்கணும்னு நாக்கு துடிக்கு. அந்த டொம்மை அடிச்சவன் யாருலே? எந்த ஊரு? எந்தத் தோலு, எந்தக் கம்பு? தெரியாதா? தெரியாமலேதான் உம் பாட்டுக்கு நடுவீட்டுல வச்சிருக்கியா?

சந்தையில வாங்கின காளை பழைய எசமான் குரலுக்குத்தான் திரும்பிப் பார்க்கும். காசு குடுத்தது நீயா இருக்கலாம். உன் பாட்டுக்குள்ள நின்னுக்கிட்டு அது பார்க்கிறது வேற எவன் பாட்டையோ. அதே பேக்கை இறக்கின அம்புட்டுப் பேர் பாட்டுலயும் அதே டொம் விழுது. ஒரே லூப்பை ரெண்டு பேரு வச்சுட்டா, உரிமை பார்க்கிற கம்ப்யூட்டருக்கே எது யாருதுன்னு குழம்பிப் போகுதாம். நீ மட்டும் ‘நம்ம தனி பாணி’ன்னு காலரைத் தூக்கிக்கிட்டு அலையுத.

இது உங்க தலைமுறைக்குத்தான் வந்த வியாதின்னு வருத்தப்படாத. உங்கப்பன் டவுசர் போட்ட காலத்துலயே வந்துட்டு. 1983ல யமஹாக்காரன் டிஎக்ஸ்7ன்னு ஒரு கீபோர்டு விட்டான். உள்ள சத்தம் உண்டாக்குற 6 ஆபரேட்டர், அதுகளை எப்படியெப்படிக் கோக்கலாம்னு 32 அல்காரிதம். கடல் மாதிரி இடம். ஆனா மேல தடவிப் பார்த்தா திருகு ஒண்ணும் கிடையாது. வழுவழுன்னு பொத்தான், தள்ளுறதுக்கு ஒரு கட்டை, ரெண்டு வரி எழுத்து தெரியிற சின்னத் திரை, அம்புட்டுதான். உள்ள போனவன் வழி தெரியாம முழிச்சான். அதனால முக்கால்வாசிப் பேரு கம்பெனியே போட்டுக் குடுத்த சத்தத்தை வச்சே குடும்பம் நடத்திட்டான். அதுல ஒரு எலக்ட்ரிக் பியானோ உண்டு. 1980கள்ல எந்த வெள்ளைக்காரன் உருகி உருகிப் பாடினாலும் பின்னால அதுதான் கூட உக்காந்து அழுதுச்சு. பிரையன் ஈனோ மாதிரி சில ஆளுக மட்டும் அதே பெட்டியை வருசக்கணக்காத் தோண்டி, தனக்குன்னு சத்தம் எடுத்துக்கிட்டே இருந்தாக. பெட்டி ரெண்டு பேருக்கும் ஒரே விலைதான்.

அந்தப் பெட்டிக்குள்ள இருக்கிற வித்தை பொறந்த கதை அதைவிட ருசி. 1967, அமெரிக்காவுல ஸ்டான்ஃபோர்ட் யுனிவர்சிட்டி. ஜான் சௌனிங்ன்னு ஒருத்தர் கம்ப்யூட்டர்ல ஒரு சுரத்தை அசைச்சுப் பார்த்துக்கிட்டு இருந்தார். வினாடிக்கு அஞ்சாறு தடவை அசைஞ்சா சுரம் நடுங்குற மாதிரி கேக்கும். நீயா இருந்தா ‘ஆகா’ன்னு அதோட ஃபோனை எடுத்து ஸ்டேட்டஸ் போட்டிருப்ப. அவரு அசைவோட வேகத்தைக் கூட்டிக்கிட்டே போனார். ஒரு எல்லை தாண்டினதும் நடுக்கத்தைக் காணோம். சுரத்தோட நிறமே மாறிப் போச்சு. அதுக்குள்ள இருந்து மணியும் பித்தளை வாத்தியமும் கிளம்பி வருது. அதுதான் எஃப்எம் சிந்தசிஸ். அவரு புதுசா ஒண்ணும் வாங்கலலே. இருந்த திருகையே எவனும் திருகாத தூரத்துக்குத் திருகினாரு. நீ என்னடான்னா புது பிளக்இன்னுக்கு எம் முதியோர் பென்சன்ல கண்ணு வைக்குத.

சரி, ஒரு வேலை சொல்லுதேன், செஞ்சு பாரு. சிந்தசைசரைத் திறந்ததும், கம்பெனி போட்டுக் குடுத்த பிரீசெட் பட்டியலை மூடு. ‘இனிஷியலைஸ்’னு ஒரு பொத்தான் ஒளிஞ்சு கிடக்கும், அதை அமுக்கு. மொட்டை ஆசிலேட்டர் ஒண்ணு ‘ர்ர்ர்’னு கத்தும். அசிங்கமாத்தான் இருக்கும், எந்திரிச்சு ஓடாத. ரம்பப் பல் அலைன்னா, அடிச்சுரத்துக்கு மேல ஒலிக்கிற மேற்சுரம் எல்லாமே உள்ள இருக்கும். சதுர அலைன்னா ஒத்தைப்படை மட்டும்தான். எது வேணும் எது வேண்டாம்னு கழிக்கிறதுக்கு ஃபில்டர். சத்தம் எப்படிப் பொறக்கணும், எம்புட்டு நேரத்துல தணியணும், எந்த மட்டத்துல நிக்கணும், விரலை எடுத்த பொறவு எப்படிச் சாகணும்னு சொல்லுறதுக்கு அட்டாக், டிகே, சஸ்டெய்ன், ரிலீஸ்னு நாலு திருகு. ஊர்ப்பட்ட பயலுகளும் ஃபில்டரைத்தான் போட்டு உருட்டுவான். நீ அட்டாக்கைப் பிடி. இது எந்த வாத்தியம்னு காது கண்டுபிடிக்கிறது பெரும்பாலும் அந்த முதல் துளி நேரத்துலதான்.

நம்ப மாட்டியே? 1948ல பாரிஸ் வானொலியில பியர் ஷேஃபர்ன்னு ஒரு இஞ்சினியர் மணிச் சத்தத்தைப் பதிஞ்சார். நாக்கு போய் இடிக்கிற ‘டங்’கை விலக்கிட்டு மிச்ச ரீங்காரத்தை மட்டும் ஓட்டிக் கேட்டார். மணின்னு சூடம் அணைச்சுச் சத்தியம் பண்ணினாலும் ஒருத்தன் நம்பமாட்டான். எங்கயோ குழல் ஊதுற கணக்கா இருந்துச்சு. அதே வருசம் ரயில் சத்தத்தைத் துண்டு துண்டாக் கோத்து ஒரு இசையே பண்ணிட்டார். உனக்கு ரயில் ஹார்ன் கேட்டா ஜன்னலைச் சாத்தத்தான் தோணுது.

லண்டன்ல ஒரு அம்மா, டெலியா டெர்பிஷயர்னு பேரு. பிபிசியோட ரேடியோஃபோனிக் ஒர்க்‌ஷாப்புல வேலை. 1963ல ‘டாக்டர் ஹூ’ தொடருக்கு ரான் கிரெய்னர் மெட்டை எழுதிக் குடுத்துட்டுப் போய்ட்டார். வாசிக்க சிந்தசைசர் கிடையாது. அந்தம்மா ஒத்தைக் கம்பியைச் சுண்டிப் பதிஞ்சுது, சோதனைக்கு வச்சிருந்த ஆசிலேட்டரைப் பதிஞ்சுது. நாடாவோட வேகத்தைக் கூட்டிக் குறைச்சு ஒவ்வொரு சுரமா எடுத்து, பிளேடால வெட்டி, ஒட்டி, முழு மெட்டையும் கட்டி முடிச்சுது. அந்தம்மா கையில இன்னொரு பொருளும் சிக்குச்சு. பச்சைத் தகரத்துல விளக்குக் குடை. அதைத் தட்டி, தட்டின இடத்தை நீக்கிட்டு ரீங்காரத்தை மட்டும் வச்சுப் பாலைவனப் படம் ஒண்ணுக்கு இசை செஞ்சுது. உன் மேசையிலயும் ஒரு விளக்கு இருக்கு. அதுல நீ துண்டு காயப் போட்டிருக்க. இன்னொண்ணும் கேட்டுக்க. அந்தம்மா 2001ல போய்ச் சேர்ந்துட்டு. தொடர்ல பேர் போடுற இடத்துல அந்தம்மா பேர் வந்தது 2013லதான்.

ஜப்பான்காரன் கதையும் உண்டு. 1954ல ‘காட்ஜில்லா’ படம். பூதம் உறுமணும். எந்த மிருகத்தைப் பதிஞ்சு பார்த்தும் சரிப்படல. இசையமைப்பாளர் அகிரா இஃபுகுபே டபுள் பேஸ் வாத்தியத்துல கம்பியைத் தளர்த்திவிட்டு, தோல் கையுறையில பைன் மரத்துப் பிசினைத் தடவி, கம்பியோடவே இழுக்க வச்சார். பதிஞ்சதை மெதுவா ஓட்டினாங்க. உறுமிட்டு. வாத்தியத்தை முறையா வாசிக்கத் தெரிஞ்சவன்தான் முறை தப்பியும் வாசிக்கலாம்ங்கிறதை இதுல சேர்த்துப் படிச்சுக்க.

வெள்ளைக்காரனும் ஜப்பான்காரனும்தான் கெட்டிக்காரன்னு கிழவன் சொல்லுதான்னு போய்ச் சொல்லாத. நம்ம மிருதங்கத்தை எடுத்துக்க. சாதாரணமாத் தோலை இழுத்துக் கட்டி அடிச்சா மேற்சுரங்கள் ஒண்ணோட ஒண்ணு ஒட்டாது. அதனாலதான் பல தோல் கருவியில சத்தம் வரும், சுருதி நிக்காது. வலது பக்கம், வலந்தலை நடுவுல கருப்பாச் சோறு வைப்பாகளே, படலம் படலமா ஏத்தி, கல்லால தேய்ச்சுத் தேய்ச்சு, அந்தக் கனம்தான் மேற்சுரங்களை வரிசைக்குக் கொண்டு வருது. 1920ல சி. வி. ராமன் இதை ஆராய்ஞ்சு ‘நேச்சர்’ பத்திரிகையில எழுதினார். எழுதினவர் பேர் உலகத்துக்கே தெரியும். மாவைக் குழைச்சு, தோலைத் தட்டித் தட்டிக் காதால கண்டுபிடிச்ச மொதல் ஆளு பேர் எவனுக்கும் தெரியாது. இன்னைக்கும் கட்டிக் குடுக்கிறவன் மேடைக்குக் கீழேதான் நிக்கான்.

இம்புட்டுப் பேரும் செஞ்சது ஒண்ணே ஒண்ணு. கையில கிடைச்ச ஒரு பொருளை விடாமப் பிடிச்சுக்கிட்டு, அது பொறந்த அடையாளம் போற வரைக்கும் நோண்டினாக. சத்தம் கிடைக்கிறது இல்லலே, செய்யிறது.

அதனால நீ என்ன செய்யணும்? ஒரு பித்தளைக் குடத்தை எடு. ஃபேனை நிறுத்து, ஃபிரிட்ஜ் உறுமாத நேரமாப் பாரு. விரல் முட்டியால தட்டு, கரண்டியால தட்டு, தண்ணியை அரை ஊத்திச் சாய்ச்சுக்கிட்டே தட்டு. மெதுவா, நடுத்தரமா, ஓங்கின்னு மூணு பலத்துலயும் பல தடவை பதி. ஒரே அடியைத் திருப்பித் திருப்பி வச்சா காது பொம்மைன்னு கண்டுபிடிச்சிரும். 24 பிட்டு, 96 கிலோஹெர்ட்ஸ் வச்சுக்க. பொறவு இழுத்து மெதுவாக்கும்போது சத்தம் கந்தலாகாது. பாதி வேகத்துல ஓட்டினா ஒரு ஸ்தாயி கீழ போகும். கால் வேகத்துல ரெண்டு. குடம் அங்க கோயில் மணியா மாறி நிக்கும். லெவலைச் சிவப்புக் கோட்டுக்கு விடாத. மைக் செட்டுக்காரன் பேரனுக்கு இதையுமா சொல்லணும்? வெட்டும்போது அலை பூஜ்ஜியக் கோட்டைத் தொடுற இடத்துல வெட்டு; இல்லன்னா ‘டிக்’குன்னு சொடுக்கும்.

எதிரொலி வேணுமா? பிளக்இன்னைத் தேடாத. நம்ம தோட்டத்துல தண்ணியில்லாத கிணறு எதுக்குக் கிடக்கு? ஸ்பீக்கரைக் கயித்துல கட்டி இறக்கு, குடத்துச் சத்தத்தை ஓட்டு, மேல இருந்து மைக்கால திரும்பப் பிடி. பழைய ஸ்டூடியோக்காரன் காலி அறையில இதைத்தான் செஞ்சான். கோயில் மண்டபத்துல ஒரு பலூனை உடைச்சுப் பதிஞ்சு வச்சுக்கிட்டாப் போதும், இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ்னு அதையே ரிவர்பா மாத்திக்கலாம். பூசாரிகிட்டக் கேட்டுட்டு உடை. அப்புறம் ஒண்ணு. ‘ஸ்டார் வார்ஸ்’ துப்பாக்கிச் சத்தத்துக்கு பென் பர்ட்டுங்கிறவர் ரேடியோ கோபுரத்து ஸ்டே கம்பியைச் சுத்தியலால அடிச்சார்னு படிச்சிருப்ப. நீ போய் நம்ம தெரு ஈபி போஸ்ட்டுல ஆரம்பிச்சிராத. உன் பாட்டு வெளிவர நீ இருக்கணும்.

அடுத்தவன் சத்தத்தை எடுக்கவே கூடாதான்னா, எடு. கேட்டு எடு, குடுத்து எடு. 1969ல தி வின்ஸ்டன்ஸ்ங்கிற அமெரிக்கக் குழு ‘ஆமென், பிரதர்’னு ஒரு பாட்டு போட்டுது. அதுல கிரெகரி கோல்மன் நாலே பார் தனியா ட்ரம்ஸ் வாசிப்பார், சுமார் ஏழு வினாடிதான் வரும். எவனெவனோ அதை வெட்டி எடுத்து ஆயிரக்கணக்கான பாட்டுல வச்சான். ஜங்கிள்னு ஒரு இசை வகையே அது மேல நின்னுச்சு. கோல்மன் 2006ல வீடு வாசல் இல்லாமச் செத்தார். குழுத் தலைவருக்கு ராயல்ட்டின்னு ஒண்ணும் வரல. 2015ல ரசிகர்களாப் பார்த்து சுமார் 24,000 பவுண்ட் திரட்டிக் குடுத்தாக. உன் டொம்மை அடிச்சவன் யாருன்னு நான் சும்மா கிண்டலுக்கா கேட்டேன்?

பதிஞ்சதுக்கு ஒழுங்காப் பேர் வை. ‘ஃபைனல் நியூ ரியல் 2’ன்னு வச்சா நாளைக்கு நீயே கண்டுபிடிக்கமாட்ட. ‘பித்தளைக் குடம், அரைத் தண்ணி, விரல் முட்டி, கிணத்தடி’ன்னு எழுது. அந்த நாலு குறிப்பும் சேர்ந்து எந்தக் கம்பெனி பேக்லயும் வராது.

ஆச்சியோட சீர்க்குடம் அடுப்படி மேல்தட்டுல இருக்கு. நான் சொன்னேன்னு மட்டும் சொல்லாத. அவ பார்த்துட்டு வாருகோலோட வந்தான்னா ஓடு. ரெக்கார்டரை அணைக்காம ஓடு. அப்படி ஒரு அட்டாக்கை இன்னும் எவனும் பதிஞ்சதில்லலே.