பத்து டாலர் மாளிகை

அமெரிக்காவில் கவுண்டி அலுவலகத்துப் பத்திரங்களைப் புரட்டினால், ஊரே தானதர்மத்தில் இறங்கிவிட்டதோ என்று தோன்றும். மாளிகையும் பத்து டாலர், மாட்டுக்கொட்டகையும் பத்து டாலர். அசல் விலைக்குப் பதில் “பத்து டாலரும் மதிப்புள்ள பிற பிரதிபலனும்” என்று எழுதினால் பல மாநிலங்களில் போதும். (பத்திரத்துக்குக் கட்டிய வரியை வைத்து அசல் விலையைக் கணக்குப் போடும் கில்லாடிகள் அங்கேயும் உண்டு.)

தேடுவதற்கு விற்றவர் பெயரில் ஓர் அட்டவணை, வாங்கியவர் பெயரில் ஓர் அட்டவணை. பெயரில் ஓரெழுத்து பிசகினால் வீடு இருக்கும், பத்திரமும் இருக்கும், கண்ணில் மட்டும் படாது.

தேடுவதுதான் கஷ்டம், பதிவு வெகு சுலபம். மேலே இடம் விட்டிருக்கிறதா, நோட்டரி முத்திரை இருக்கிறதா, கட்டணம் வந்ததா? சரி, அடுத்த ஆள். உள்ளே எழுதியிருப்பது நிஜமா என்பது எழுத்தர் கவலையில்லை. 2008 டிசம்பரில் ‘நியூயார்க் டெய்லி நியூஸ்’ பத்திரிகைக்காரர்கள் இதைச் சோதிக்க, எம்பயர் ஸ்டேட் கட்டடத்தையே போலிப் பத்திரத்தில் ஒரு கற்பனைக் கம்பெனிக்கு எழுதி வைத்தார்கள். வேலை முடிய ஒன்றரை மணி நேரம். சாட்சி, அதே கட்டடத்தின் உச்சிக்குக் குரங்கு தூக்கிப்போன ‘கிங் காங்’ நாயகி ஃபே ரே. நோட்டரி, வங்கிக் கொள்ளையன் வில்லி சட்டன். இருவரும் செத்து வருஷங்கள் ஆகியிருந்தன.

மறுநாளே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். ஒரு மாத வாடகையாவது வசூலித்திருக்கலாம்.